ஓரத்துக்கு இரண்டு நூல்

தங்கை காரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது நூல்காரர் வேறொரு வண்டியின் அடியில் மல்லாந்து கிடந்தார். எட்டிப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. அந்தக் காருக்கு இன்ஜினை அணைத்த பிறகும் ஒருமுறை உடம்பைக் குலுக்கிக்கொள்ளும் பழக்கம் உண்டு. அந்தக் குலுக்கல் காதில் விழுந்ததும் கையிலிருந்த ஸ்பேனர் நழுவி அவர் நெஞ்சிலேயே விழுந்தது. வலி உறைக்கவில்லை.

மூன்று மாதமாக அவர் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான். ஏரியிலிருந்து தூக்கிய அன்றே அந்தக் காரைப் பக்கத்துத் தெருவில் கார் நசுங்கலை நிமிர்த்தும் பாடி கடைக்காரரிடம் தள்ளிவிட்டார். அது காய்ந்து, பெயின்ட் பூசிக்கொண்டு, தங்கை வீட்டு வாசலுக்கு வந்த பிறகும் அந்தத் தெருப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போனார். ஊர் அதற்குப் பாசம் என்று பெயர் வைத்தது. தங்கை மாப்பிள்ளை உயிர் போன வண்டியைப் பார்க்க மனசு வரவில்லை பாவம் என்றது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று ஊருக்குத் தெரியும். எந்த நெஞ்சு என்பதுதான் தெரியாது.

நூல்காரர் என்பதும் ஊர் வைத்த பெயர்தான். கார் ஓடும்போது ஒரு பக்கமாக ஒதுங்குகிறதா, ஸ்டியரிங்கை இழுத்து இழுத்துத் தோள் வலிக்கிறதா, அவரிடம்தான் வருவார்கள். ஆரம்பத்தில் நாலு சக்கரத்தையும் சுற்றி நூல் கட்டி அளந்தார். பிறகு காரை ஏற்றி நிறுத்த ராம்ப் வந்தது, சக்கரத்தைக் கவ்வும் சென்சார் வந்தது, பச்சையும் சிவப்புமாகக் கோடு காட்டும் திரை வந்தது. பெயர் மட்டும் போகவில்லை. திரை டிகிரியில் சொல்வதையும் அவர் நூல் கணக்கில்தான் சொல்வார். "ஒரு நூல் வெளியே சாஞ்சிருக்கு, அரை நூல் உள்ளே வாங்கியிருக்கு" என்பார். கேட்பவருக்கு ஒன்றும் புரியாது. அதனாலேயே நம்பிக்கை கூடும்.

"அண்ணா, வண்டி இடது பக்கம் இழுக்குது" என்றாள் தங்கை.

அவர் எழுந்து வந்து கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார். "ரோடு அப்படித்தாம்மா. மழைத் தண்ணி வடியணும்னு ஓரத்துக்குச் சரிவா போட்டிருப்பாங்க. எந்த வண்டியும் கொஞ்சம் ஓரத்துக்குத்தான் போகும்."

தங்கை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவர்கிட்டயும் இதையேதான் சொன்னே."

நல்லவேளையாகப் பக்கத்துக் கடை டயர்க்காரர் காற்று பார்க்கும் மீட்டரோடு வந்து சேர்ந்தார். காற்றடிக்கிற தொழில் என்பதாலோ என்னவோ அந்த மனிதருக்கு வாய் அடங்காது. கேட்காமலே நாலு டயரையும் சோதித்தார். நாலும் சமமாக இருந்தன.

"இழுக்கிறதுக்கு நாலே காரணம் தங்கச்சி. காத்து, டயரு, பிரேக்கு, அலைன்மென்ட்டு. அண்ணன் சொல்ற மாதிரி அஞ்சாவது ரோடு."

"ஆறாவது?" என்று கேட்டாள் அவள்.

"ஆறாவதா? ஓட்டுறவங்க மனசுதான்!" என்று டயர்க்காரர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவர் மீட்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு மெதுவாக நகர்ந்துவிட்டார்.

நூல்காரர் எல்லாவற்றையும் முறைப்படி செய்தார். முன்சக்கரம் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்தார். டயரில் கோளாறு என்றால் இழுப்பும் பக்கம் மாறும். மாறவில்லை. ஓட்டி வந்த சூட்டோடு நாலு சக்கரத்திலும் கையை வைத்துப் பார்த்தார். எங்காவது பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் அந்தச் சக்கரம் மட்டும் சுடும். சுடவில்லை. விடை தெரிந்த கணக்கை வழி தெரியாதவர் போல அவர் போட்டுக்கொண்டிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவருக்கு இலை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் போதாது.

ஓட்டும்போது இன்னொன்றையும் கவனித்தார். டிரைவர் சீட் பின்னால் கடைசிவரை தள்ளியிருந்தது. மாப்பிள்ளைக்குக் கால் நீளம். தங்கையோ குள்ளம். அவள் சீட்டை முன்னால் இழுக்காமல், முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணையை அடைத்து, நுனியில் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். கால்மிதி விரிப்பைத் தூக்கினால் ஏரித் தண்ணீரின் நாற்றம் இன்னும் வந்தது. எத்தனை வாசனைத் திரவம் அடித்திருந்தாலும் அதற்கு அடியில் அது இருந்தது.

ராம்பில் ஏற்றுவதற்கு முன் தங்கை அவர் கையைப் பிடித்தாள்.

"அண்ணா, நீ திட்டக் கூடாது. வண்டியில கோளாறு ஒண்ணும் இல்ல. எனக்குத் தெரியும். அவர்தான் இழுக்கிறாரு."

"என்ன பேச்சு பேசுறே?"

"தினமும் ஏரிக்கரை ரோட்டுல போறேன். அந்த மூணு கல்லு விழுந்து கிடக்கு பாரு, அதுக்கு முன்னால ஸ்டியரிங்கை விட்டுடுறேன். விட்டுட்டு எண்ணுறேன். நீதானே சொல்லிக் கொடுத்தே, கையை விட்டு எண்ணிப் பார்த்தா வண்டி எப்படிப் போகுதுன்னு தெரியும்னு. முதல் நாள் அஞ்சு வரைக்கும்தான் தைரியம் வந்துச்சு. நேத்து பதினொண்ணு."

"பாப்பா!"

"சும்மா ஒண்ணும் போகல. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி மெதுவா, தண்ணி இருக்கிற பக்கம் போகுது. கோபமா இருக்கிறவரு அப்படிக் கூட்டிட்டுப் போவாரா, சொல்லு."

நாற்பத்திரண்டு வயதுக்காரியை இன்னும் பாப்பா என்று கூப்பிடும் அண்ணனுக்கு அந்த வெயிலிலும் கை சில்லிட்டது. பதினொன்றுக்கு மேல் எத்தனை எண்ண இடமிருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். பதினாலு வரைதான். அதற்கு மேல் ரோடு கிடையாது.

அவளுடைய வேதனை இதுதான். அன்று காலை புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. ஒன்றுமில்லாத விஷயம். குளியலறைக் குழாய் ஒரு வாரமாக ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தார். "உங்க மூஞ்சியை ஒரு நாள் பார்க்காம இருந்தா நிம்மதியா இருக்கும்" என்று சொல்லிவிட்டாள். "சரி, பார்க்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். மத்தியானம் மூன்று மணி, வெள்ளை வெயில், குண்டு குழி இல்லாத நேர் ரோடு. எதிரே வந்த வண்டிக்காரர் பார்த்ததைச் சொன்னார். கார் வேகம் குறையாமல், அவசரமும் இல்லாமல், ஓரமாக ஒதுங்கிக் கல்லைத் தள்ளிக்கொண்டு ஏரிக்குள் இறங்கியதாம். பிரேக் போட்ட தடயம் இல்லை. பெல்ட்டைக் கழற்ற முயலவே இல்லை. இரண்டு கையும் மடியில் இருந்தன. நேர் ரோட்டில் பட்டப்பகலில் எவன் போய் ஏரியில் விழுவான் என்று ஊர் தாழ்ந்த குரலில் கேட்டது. அந்தத் தாழ்ந்த குரல் அவள் காதுக்கு வந்து சேராமல் இருக்குமா?

ஒரே ஒரு ஆறுதலை அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். காரிலிருந்து எடுத்த சாப்பாட்டு டப்பா காலியாக இருந்தது. சாகப் போகிறவர் கட்டிக்கொடுத்த சாப்பாட்டை முழுக்கச் சாப்பிடுவாரா? மறுநாளே அவள் மனசு அதற்கும் பதில் வைத்திருந்தது. கடைசிச் சாப்பாடு என்று சாப்பிட்டிருப்பார்.

நூல்காரர் காரை ராம்பில் ஏற்றினார். சக்கரங்களில் சென்சாரைக் கவ்வவிட்டார். வண்டி எண்ணை அடித்ததும் திரை பழைய பதிவைத் தேடி எடுத்துக் காட்டியது. அந்த மெஷின் எதையும் மறக்காது. நாலு மாதத்துக்கு முன் அவர் கையால் வைத்த அளவு இடது ஓரத்தில் நின்றது. இன்றைய அளவு வலது ஓரத்தில் வந்து நின்றது. இரண்டும் ஒன்று. தண்ணீரில் விழுந்து, கிரேனில் தொங்கி, பாடி கடையில் அடி வாங்கி, அவர் வைத்தது மட்டும் இம்மி அசையாமல் இருந்தது. வேலை அவ்வளவு சுத்தம்.

இடது சக்கரம் இரண்டு நூல் வெளியே சாய்ந்திருந்தது. உருட்டிவிட்ட காசு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் வளையும். சக்கரமும் அப்படித்தான்.

இது தவறி நடந்ததல்ல. அவருடைய தொழில் ரகசியம் அது. வேலை பழகிய காலத்தில், தூங்கிப்போன ஒரு டிரைவரின் கார் ரோட்டைக் குறுக்கே கடந்து எதிரே வந்த வேனில் மோதியதை அவர் கண்ணால் பார்த்திருந்தார். அன்றைக்கு முடிவு செய்தார். தன் கையால் போகிற எந்த வண்டியும், ஓட்டுகிறவன் தூங்கிவிட்டால், எதிரே வருகிறவன் மேல் போகக் கூடாது. ஓரத்துக்குத்தான் போக வேண்டும். அதற்காக ஒவ்வொரு வண்டிக்கும் இடது பக்கம் ஒரு நூல் கூட வைப்பார். திரையில் பச்சையிலேயே இருக்கும். கையில் தெரியாது. யாரையும் கேட்க மாட்டார், யாரிடமும் சொல்ல மாட்டார். ஒருமுறை பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் கார் முழுக்க முள்ளும் இலையுமாக வந்து நின்று, "கண் அசந்துட்டேங்க. நல்ல நேரம், வண்டி தானா ஓரத்துப் புதருக்குள்ள போய் நின்னுடுச்சு" என்றார். நூல்காரர் அன்று ராத்திரி சிரித்துக்கொண்டே தூங்கினார். நல்ல நேரமாவது மண்ணாவது, நான் வைத்த நூல் என்று நினைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை மருந்துக் கம்பெனி வேலையாக ஊர் ஊராகச் சுற்றுகிறவர். "மச்சான், சாப்பிட்டா போதும், வண்டியில கண்ணு சொக்குது" என்று ஒரு நாள் சொன்னார். சொந்தத் தங்கை புருஷன் அல்லவா? ஊராருக்கு ஒன்று என்றால் வீட்டுக்கு இரண்டு. பாசத்தோடு இரண்டு நூல் வைத்தார்; அதுவும் பச்சையின் விளிம்புக்குள்ளேயே நின்றது. ஓட்டிப் பார்த்துக் கையை விட்டு எண்ணியபோது பதினொன்றில் கார் வெள்ளைக் கோட்டைத் தாண்டியது. பத்துக்குள் தாண்டினால்தானே கோளாறு என்று சமாதானம் செய்துகொண்டார்.

அப்போது எல்லோரும் பைபாஸில் போய்க்கொண்டிருந்தார்கள். பைபாஸில் ஓரம் என்றால் வெறும் பொட்டல். இரண்டு வாரத்தில் பைபாஸ் பாலத்தை வேலைக்காக மூடி, வண்டிகளை ஏரிக்கரை ரோட்டில் திருப்பிவிட்டார்கள். திரும்பி வரும்போது அங்கே இடது பக்கம் தண்ணீர். நூல்காரருக்கு இது தோன்றாமல் இல்லை. தோன்றிய அன்றே மாப்பிள்ளை போன் செய்தார். "மச்சான், வண்டி லேசா இடது பக்கம் இழுக்குதே?" உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், கேட்காமல் ஏன் வைத்தீர்கள் என்ற கேள்வி வரும். முப்பது வருஷப் பேர் என்ன ஆவது? "ரோடு சரிவு மாப்ள" என்றார். அடுத்த வாரம் எதையாவது சாக்கு சொல்லி வரவழைத்து மாற்றிவிடலாம் என்று நினைத்தார். அடுத்த வாரம் மாப்பிள்ளை இல்லை.

இதையெல்லாம் இப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. தங்கை ராம்புக்குக் கீழே நின்று, அந்தக் காரின் கதவைத் தடவிக்கொண்டிருந்தாள். அவர் திரையை மட்டும் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். போல்ட்டைத் தளர்த்தி, இடது சக்கரத்தைத் தூக்கி நேராக்கி, இறுக்கினார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வண்டிக்குச் சுழியம் வைத்தார். இனி இழுக்காது; இழுக்காவிட்டால் இவள் கையை விட மாட்டாள்; உயிர் பிழைத்துக்கொள்வாள்; தானும் பிழைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார்.

"அளவெல்லாம் சரியாத்தான் இருந்துச்சும்மா, சும்மா இறுக்கிவிட்டேன். இனி நேரா போகும்" என்றார்.

மூன்று நாள் அவர் நன்றாகத் தூங்கவில்லை. எழுந்து எழுந்து போனைப் பார்த்தார். நாலாம் நாள் காலை பத்து மணிக்கு அந்தக் கார் வந்து நின்று உடம்பைக் குலுக்கியது. தங்கை இறங்கி வந்தாள். நடையில் உயிர் இல்லை.

"நேரா போகுது அண்ணா."

"அதுதானே வேணும்?"

"கல்லுக்கு முன்னால கையை விட்டேன். இருபது எண்ணினேன். முப்பது எண்ணினேன். நேரா போய்க்கிட்டே இருக்கு. ஏரி முடியற வரைக்கும் நேரா போச்சு." அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். "அப்போ வண்டி தானா போகல. அவரா திருப்பியிருக்காரு."

நூல்காரர் பக்கத்திலிருந்த ராம்பைப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்ச நாளா இழுக்கிறார்னு நினைச்சு மனசைத் தேத்திக்கிட்டேன். இழுக்கிறாருன்னா என்னைக் கூப்பிடுறாருன்னு அர்த்தம். கோபம் இல்லைன்னு அர்த்தம். இப்போ அதுவும் இல்ல. நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு, நேரா போற வண்டியைத் தண்ணிக்குள்ள திருப்பினவருக்கு நான் யாரு? நான்தான் அண்ணா கொன்னுட்டேன்."

அவள் அழவில்லை. மாப்பிள்ளை போன நாளிலிருந்து அவள் அழுது அவர் பார்க்கவே இல்லை. அதுதான் அவரை இத்தனை நாளாகத் தூங்கவிடாத இன்னொன்று. தன் தோலைக் காப்பாற்ற அவர் நிமிர்த்திய சக்கரம், செத்துப்போனவர் தலையிலும் அவள் தலையிலும் பழியை ஏற்றிவிட்டது. இருந்த ஒரே சாட்சியைத் தன் கையாலேயே அழித்திருந்தார்.

"அவர் திருப்பல பாப்பா" என்றார். குரல் யாருடையதோ போல இருந்தது. "நான் வச்ச அளவு அது. நான்தான் இடது பக்கம் இழுக்கிற மாதிரி வச்சேன். அவர் தூங்கினா ஓரமா போகட்டும்னு."

நூல், பைபாஸ், போன் என்று தலையும் காலும் புரியாமல் அவர் கொட்டினார். திரையை அவள் பக்கம் திருப்பிப் பழைய எண்ணைக் காட்டினார். தங்கை கேட்டுவிட்டு, அவர் தலையைத் தடவிக்கொடுத்தாள். சின்ன வயதில் அவர் அவளுக்குச் செய்தது அது.

"எனக்காகப் பழியைத் தூக்கி உன் மேல போட்டுக்காதே அண்ணா. இந்த நம்பரைப் பார்த்து எனக்கு என்ன தெரியும்? மெஷினே பச்சைன்னுதானே காட்டுது?"

பச்சைதான். இத்தனை வருஷமாக அவரைக் காப்பாற்றிய பச்சை. ஒரு மனிதன் உண்மையைச் சொல்ல மூன்று மாதம் எடுத்துக்கொண்டால், அது வந்து சேரும்போது ஆறுதல் வார்த்தையைப் போலத் தெரிவதில் என்ன ஆச்சரியம்?

அவர் மறுபடியும் காரை ராம்பில் ஏற்றினார். இந்தத் தடவை திரையை அவள் பார்க்கும்படி வைத்துவிட்டு, போல்ட்டைத் தளர்த்திச் சக்கரத்தைச் சாய்த்தார். பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒன்றாகும் வரை சாய்த்து இறுக்கினார். அளவு இம்மி பிசகவில்லை.

"வா, போய்ப் பார்க்கலாம்" என்றார்.

அவர் ஓட்டினார். தங்கை பக்கத்தில் உட்கார்ந்தாள். தலையணைகளை எடுத்துப் பின்சீட்டில் வைத்தபின், அவர் முதுகு மாப்பிள்ளை சாய்ந்த இடத்திலேயே சாய்ந்தது. கால் பெடலுக்கு எட்டியும் எட்டாமலும் இருந்தது. சீட்டை முன்னால் இழுக்க அவருக்கும் துணிவு வரவில்லை. ஏரிக்கரை ரோட்டின் கோடிவரை போய்த் திரும்பி வரும்போது இடது பக்கம் தண்ணீர் விரிந்தது. காற்றே இல்லை. கரையோரம் வெள்ளையடித்த கற்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. தூரத்தில் பல் விழுந்த வாய் போல அந்த மூன்று கல் இடைவெளி தெரிந்தது.

"இங்கேதான் விடுவேன்" என்றாள் தங்கை.

அவர் இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்தார். வைத்த பிறகுதான் அது எந்த மாதிரி இருக்கிறது என்று புரிந்தது. அவளுக்கும் புரிந்திருக்க வேண்டும். அந்தக் கைகளைப் பார்த்தபடியே எண்ணத் தொடங்கினாள்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

கார் நேராகத்தான் போனது. நாலு, ஐந்து. ஆறில் ஸ்டியரிங் யாரோ தொட்ட மாதிரி ஒரு இம்மி அசைந்தது. காரணம் தெரிந்த நூல்காரருக்கே உடம்பு சிலிர்த்தது. எட்டில் வெள்ளைக் கோடு பக்கத்தில் வந்தது. எந்த அவசரமும் இல்லாமல், வீட்டுக்கு வழி தெரிந்த மாடு போல, கார் தண்ணீர்ப் பக்கம் ஒதுங்கியது. பத்து என்றாள். கோட்டின் மேல் சக்கரம் ஏறியது. பதினொன்று. கையைத் தூக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. கை எழவில்லை. இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு, வெகு சாந்தமாக, பக்கத்தில் யாரோ சொல்வது போல அவருக்குள் வந்தது.

"பன்னிரண்டு" என்று கத்திக்கொண்டே தங்கை பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்து வலதுபுறம் வளைத்தாள். அவர் கால் அப்போதுதான் பிரேக்கைத் தேடியது. இடது சக்கரம் கற்களுக்கு அந்தப் பக்கம், கரை மண்ணில் புதைந்து நின்றது. இன்ஜின் அணைந்தது. கார் ஒருமுறை உடம்பைக் குலுக்கிக்கொண்டது.

"தூங்கிட்டாரு" என்றாள் தங்கை.

"தூங்கிட்டாரும்மா."

"தூங்கிட்டுத்தான் இருந்திருக்காரு. அதான் பெல்ட்டைக் கழட்டல. அதான் கை மடியில இருந்துச்சு." வார்த்தைகள் முட்டிமோதிக்கொண்டு வந்தன. "சண்டை போட்டேனே, மனசு கேக்கலைன்னு அன்னைக்கு ரெண்டு கரண்டி கூட வச்சுக் கொடுத்தேன். எல்லாத்தையும் சாப்பிட்டிருக்காரு மனுஷன். வயிறு நிறையச் சாப்பிட்டுத் தூங்கிட்டாரு."

அப்போது அவளுக்கு அழுகை வந்தது. மூன்று மாத அழுகை. டேஷ்போர்டில் தலையை வைத்து, வாய்விட்டு, புருஷனைச் செல்லமாகத் திட்டித் திட்டி அழுதாள். நூல்காரரும் அழுதார். அவள் தோளைத் தொட அவர் கையை நீட்டியபோது அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பாப்பா இல்லை.

"இழுக்குதுன்னு உனக்குப் போன் பண்ணாரு இல்ல?"

"பண்ணாரு."

"ரோடு சரிவுன்னு சொன்னே."

"சொன்னேன்."

"இறங்கு அண்ணா."

அவர் இறங்கினார். அவள் சுற்றி வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். கால் எட்டவில்லை. ஒரு நிமிஷம் அப்படியே இருந்தாள். பிறகு குனிந்து அடியிலிருந்த பிடியைத் தூக்கி, சீட்டை ஒரே இழுப்பில் முன்னால் கொண்டுவந்தாள். துருப்பிடித்த தண்டவாளத்தில் அது கிறீச்சிட்டு வந்து கடக்கென்று பூட்டிக்கொண்டது. அந்தச் சத்தம் இருவருக்குமே நெஞ்சில் விழுந்தது.

"இப்படியே ஓட்டிட்டுப் போகாதேம்மா. கடைக்கு வா, நேராக்கிக் கொடுத்துடுறேன்" என்று அவர் ஜன்னலைப் பிடித்துக் கெஞ்சினார்.

"வேற கடையில பண்ணிக்கிறேன். அதுவரைக்கும், இழுக்குதுன்னு தெரிஞ்சா, பிடிச்சுக்கிட்டு ஓட்ட எனக்குத் தெரியும்." அவள் சாவியைத் திருப்பினாள். "அவருக்கும் தெரிஞ்சிருக்கும். நீ சொல்லியிருந்தா."

கார் பின்னால் வந்து, ரோட்டில் ஏறிப் போனது. அவர் உதடு தானாக எண்ணியது. பத்து. பதினொன்று. பதினைந்து. கார் கோட்டுக்கு உள்ளேயே போனது. ஸ்டியரிங்கை அவள் இறுக்கிப் பிடித்திருக்கிறாள் என்று அவ்வளவு தூரத்திலிருந்தும் அவருக்குத் தெரிந்தது. வளைவில் திரும்பும் வரை அவள் கையை விடவில்லை.

நூல்காரர் விழுந்து கிடந்த கற்களுக்கு நடுவில் நின்றார். அவரைத் தாண்டி வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. வெள்ளைக் கார், நீலக் கார், பேக்கரி வேன். பாதிக்குமேல் அவர் கை பட்டவை. ஒவ்வொன்றும் ஒரு நூல் தண்ணீர்ப் பக்கம் சாய்ந்து போவது அவர் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது. இத்தனை நாள் பெருமையாகப் பார்த்தவை.

ஒரு கார் ஹாரன் அடித்து ஓரம் கட்டியது. உள்ளே அந்தப் பள்ளிக்கூட வாத்தியார்.

"என்ன நூல்காரரே, இந்த வெயில்ல இங்க நிக்கிறீங்க? ஏறுங்க, கடையில விடுறேன். வண்டி நீங்க பண்ணிக் கொடுத்ததுலேர்ந்து பூ மாதிரி ஓடுது."

நூல்காரர் ஏறவில்லை. வாத்தியாரின் கை ஸ்டியரிங்கை ஒரே விரலால் தொட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தார்.

"ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோங்க சார்" என்றார். "உங்க வண்டி இடது பக்கம் இழுக்கும். நான்தான் அப்படி வச்சேன்."